எஞ்சின் வாங்கினால் போதுமா?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபென்ஜால் புயலின் எச்சம் உள்மாவட்டங்களைக் கடந்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், சாலையோரம் நின்றிருந்த வேன்களையும் கார்களையும் பொம்மைகளைப் போல இழுத்துச் சென்ற காட்சியைத் தமிழகமே பார்த்தது. அதே நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட்ட தென்பெண்ணை நீர், விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களைச் சூழ்ந்தது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2022 செப்டம்பரில், நமக்கு மேற்கே பெங்களூரின் தகவல் தொழில்நுட்பச் சாலைகளில் படகுகளும் டிராக்டர்களும் மக்களை ஏற்றிச் சென்றன. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் அந்த நீர்தான் பிறகு தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது.

கடற்கரை இல்லாத மாவட்டங்களுக்கும் இனி மோட்டார் படகு தேவை என்பதில் ஐயம் இல்லை. தீயணைப்புத் துறையும் பேரிடர் மீட்புப் படையும் மட்டுமல்ல, ஏரி சூழ்ந்த குடியிருப்புச் சங்கங்களும் பெரிய தொழிற்சாலைகளும்கூட இப்போது சிறு படகுகளைப் பற்றி விசாரிக்கின்றன. விசாரிப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, பெரும்பாலும் ஒரே கேள்வி, 'எத்தனை குதிரைத்திறன்?' என்பது. அந்தத் திறனை நீரில் தள்ளுவிசையாக மாற்றும் உறுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதுதான் எஞ்சினின் அடிமுனையில் சுழலும் புரொப்பெல்லர், உந்துவிசிறி.

பொருளியல் கற்பித்தவனுக்குப் படகு விசிறியில் என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கலாம். இணைந்தே பயன்தரும் பொருள்கள் என்ற பாடத்தை வகுப்பில் பேனாவையும் மையையும் காட்டி நடத்தியவன் நான். ஒன்றின் அளவு தவறினால் மற்றதில் போட்ட பணம் வீணாகும் என்பதற்கு, எஞ்சினையும் விசிறியையும்விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் விசிறியின் விலை மிகச் சிறிது. ஆனால், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய எஞ்சின் எவ்வளவு வேலை செய்யும் என்பதை அந்தச் சிறு உறுப்புதான் முடிவு செய்கிறது.

லாரி ஓட்டுநர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சுமை ஏற்றிய லாரி தொப்பூர் கணவாயில் மேலேறும்போது ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார். சமவெளிக்கு வந்ததும் கூட்டுகிறார். ஓசூர் சிப்காட்டில் பற்சக்கரம் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் என் முன்னாள் மாணவரிடம் இதைச் சொன்னபோது, "படகு எஞ்சினில் எத்தனை கியர் இருக்கும், சார்?" என்று கேட்டார். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, நடுவில் நியூட்ரல், அவ்வளவுதான். "அப்படியானால் ஒரே கியரில் மலையும் ஏற வேண்டும், சமவெளியிலும் ஓட வேண்டும்" என்றார். அதுவேதான். அந்த ஒற்றைக் கியர் எதுவாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதே விசிறியைத் தேர்ந்தெடுப்பது.

விசிறியின் குடத்திலோ இதழிலோ இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் விட்டம். சுழலும்போது இதழ்களின் நுனிகள் வரையும் வட்டத்தின் குறுக்களவு. இரண்டாவது எண் 'பிட்ச்'. பள்ளியில் திருகு அளவியைப் பற்றிப் படித்தபோது 'புரியிடைத் தூரம்' என்று எழுதினோமே, அதே அளவுதான். ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு எவ்வளவு முன்னேறுமோ அந்தத் தூரம். இரண்டும் அங்குலத்தில் இருக்கும். சிறு எஞ்சின்களில், விசிறி அமரும் அடிப்பெட்டியின் அமைப்பு விட்டத்தைப் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடுகிறது. ஆகவே நம் கையில் உள்ள உண்மையான தேர்வு புரியிடைத் தூரம்தான்.

10 அங்குலப் புரியிடை உள்ள விசிறியை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றுகிறது. அடிப்பெட்டியின் பற்சக்கரம் அதைப் பாதியாக்கி 2,750 சுற்றாக விசிறிக்குத் தருகிறது. மரத்தில் திருகு இறங்குவதுபோல நீரில் விசிறி இறங்கினால், படகு மணிக்கு ஏறத்தாழ 42 கி.மீ. செல்ல வேண்டும். நீர் மரம் அல்ல, நெகிழ்கிறது. கணக்கிட்ட வேகத்துக்கும் உண்மையான வேகத்துக்கும் உள்ள இடைவெளியை நழுவல் என்பார்கள். இலேசான விரைவுப் படகில் அது நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை இருக்கும். சுமைப் படகில் அதைவிட மிக அதிகம். நழுவலே இல்லாத விசிறி நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. விசிறி நீரைப் பின்னோக்கித் தள்ளினால்தான் படகு முன்னோக்கிப் போகும்; நழுவல் இல்லையென்றால் தள்ளுதலும் இல்லை.

இனி அதே படகில் மீட்கப்பட்ட எட்டுப் பேரை ஏற்றுங்கள். நீர்மட்டத்தில் 16 அடி நீளமுள்ள படகு, நீரின் மேல் எழுந்து சறுக்க முடியாமல் நீரைப் பிளந்துகொண்டே செல்லும்போது, தானே எழுப்பும் அலை அதைத் தடுக்கிறது. அந்த நிலையில் மணிக்குச் சுமார் 10 கி.மீ. வேகத்தைத் தாண்டுவது மிகக் கடினம். 42 கி.மீ. வேகத்துக்காக வடித்த விசிறி 10 கி.மீ. வேகத்தில் சுழலும்போது, நான்காம் கியரில் தொப்பூர் ஏறும் லாரியின் கதிதான். எஞ்சின் திணறும், விசைப்பிடியை முழுதாகத் திருகினாலும் 3,500 சுற்றுக்கு மேல் ஏறாது. திறன் என்பது முறுக்குவிசையும் சுழற்சியும் சேர்ந்தது என்பதால், 40 குதிரைத்திறன் என்று வாங்கிய எஞ்சின் அப்போது தருவது தோராயமாக 25 குதிரைத்திறன். மீதி 15-க்குக் கொடுத்த பணமும், அதைச் சுமந்துவரும் எடையும் வீண். திணறியபடியே நெடுநேரம் ஓடினால் உள்ளே கரி படியும்; சூடேறும்; பிஸ்டனும் கெடலாம்.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். புரியிடை மிகக் குறைவான விசிறியைப் பூட்டி ஆளில்லாத படகை ஓட்டினால், எஞ்சின் கட்டுக்கடங்காமல் சுற்றி, உற்பத்தியாளர் வகுத்த உச்ச வரம்பைத் தாண்டும். அதுவும் ஆயுளைக் குறைப்பதுதான். எனவே தேர்வின் இலக்கணம் எளிது: வழக்கமாக ஏற்றும் சுமையுடன், விசைப்பிடியை முழுதாகத் திறந்தால், கையேட்டில் சொன்ன சுற்று வரம்புக்குள் எஞ்சின் எட்ட வேண்டும். பல சிறு எஞ்சின்களில் அந்த வரம்பு 5,000 முதல் 6,000 வரை இருக்கும். எட்டவில்லை என்றால் புரியிடையைக் குறைக்க வேண்டும். தாண்டினால் கூட்ட வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று வரை கூடும் என்பது படகுத்துறையினர் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு.

இங்கே 'வழக்கமாக ஏற்றும் சுமை' என்ற சொற்றொடர்தான் உயிர்நாடி. மேலைநாடுகளில் இத்தகைய எஞ்சின்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் உல்லாசமாகச் செல்லும் இலேசான படகுகளை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டன. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-இல் இந்த வகை எஞ்சினை வணிகப் பொருளாக்கிய நாளிலிருந்து அதன் பெரிய சந்தை அதுவே. நம் கடற்கரையில் அதே எஞ்சின் வலையும் மீனும் பனிக்கட்டியும் சுமந்த படகைத் தள்ளுகிறது. இந்த முரண்பாட்டை முறையாக ஆராய்ந்த முயற்சி ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடா திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியபோது, ஓய்விண்ட் குல்பிரான்சன் என்ற நார்வே நாட்டுப் படகு வல்லுநர் சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1980-களில் எழுதினார். வேகத்தைச் சற்றுக் குறைப்பது, பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவது ஆகியவை அந்த மரபு வலியுறுத்தும் பாடங்கள்.

பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றால் ஏன் சிக்கனம்? கொஞ்சம் நீரை மிக வேகமாகத் தள்ளியும் ஒரு தள்ளுவிசையைப் பெறலாம். நிறைய நீரை மெதுவாகத் தள்ளியும் அதே விசையைப் பெறலாம். ஆனால், நீருக்குக் கொடுக்கும் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே முதல் வழியில் எரிபொருளின் பெரும்பகுதி படகை நகர்த்தாமல் நீரைக் கலக்குவதிலேயே செலவாகிறது. ஒகேனக்கல் பரிசல் ஓட்டி அகன்ற துடுப்பை நிதானமாக வலிப்பதும் இந்தக் கணக்கில்தான். சில நிறுவனங்கள் 'ஹை த்ரஸ்ட்' என்ற பெயரில், சுழற்சியை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைத்து, பெரிய விசிறி பூட்டிய சிறு எஞ்சின்களை விற்கின்றன. மீட்புப் பணிக்கும் மீன்பிடிப்புக்கும் உரியவை அவை. விளம்பரத்தில் வேகம் குறைவாகத் தெரிவதால் வாங்குவோர் தயங்குகிறார்கள்.

ஒரு படகு ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு 20 லிட்டர் எரிக்கிறது என்று கொள்வோம். விசிறிப் பொருத்தத்தால் பத்தில் ஒரு பங்கு மிச்சமானாலும் 400 லிட்டர். தமிழக அரசு மீனவர்களுக்கு மானிய விலையில் எரிபொருள் தருகிறது. அது தொடர வேண்டியதுதான். ஆனால், மானியத்தில் ஒரு சிறு துளியைப் படகுக்குப் பொருத்தமான விசிறிக்கும் சுற்றுமானிக்கும் ஒதுக்கினால், மீனவருக்கும் கருவூலத்துக்கும் ஒருசேர லாபம் என்பது என் கருத்து. எரிபொருளுக்கு மானியம் தந்துவிட்டு, அதை வீணாக்கும் உறுப்பைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதாகும்.

விசிறியின் வரலாற்றிலேயே இந்தப் பொருத்தப் பிரச்சினை இருக்கிறது. இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் சுமித் 1837-இல் தன் படகில் இரண்டு முழுப் புரிகள் கொண்ட மரத்திருகைப் பூட்டி ஓட்டினார். ஓட்டத்தின்போது திருகு எதிலோ மோதிப் பாதி உடைந்தது. படகு நின்றுவிடும் என்று பார்த்தால், முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்கியது! நீரில் உரசும் பரப்பு அதுவரை தேவைக்கு மேல் இருந்திருக்கிறது. 1894-இல் சார்லஸ் பார்சன்சு கட்டிய 'டர்பினியா' கப்பலுக்கு நேர்ந்தது இன்னொரு வகைச் சிக்கல். அவருடைய நீராவிச் சுழலி அளவற்ற திறன் தந்தது. கப்பலோ எதிர்பார்த்த வேகத்தில் பாதியளவைத் தாண்டவே சிரமப்பட்டது. ஒற்றை விசிறி மிக வேகமாகச் சுழன்றதால் இதழ்களின் பின்புறம் அழுத்தம் குறைந்து, நீர் ஆவிக் குமிழிகளாக மாறிப் பிடிப்பு போனது. மூன்று தண்டுகளில் மும்மூன்றாக ஒன்பது விசிறிகள் பூட்டிய பிறகே, 1897-இல் விக்டோரியா அரசியின் கடற்படை அணிவகுப்பில் எந்தக் கப்பலும் துரத்திப் பிடிக்க முடியாத வேகத்தில் அது ஓடியது. மாற்றப்பட்டது எஞ்சின் மட்டும் அல்ல. அதன் திறன் நீரைச் சந்திக்கும் விதமும்தான்.

நம் ஓசூருக்கென்று ஒரு தனிக் கணக்கும் உண்டு. இந்நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பெங்களூரும் அப்படியே. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. எஞ்சினுக்குள் செல்லும் ஆக்சிஜனும் குறைகிறது. கடல்மட்டத்தில் 40 குதிரைத்திறன் தரும் சாதாரண எஞ்சின் இங்கே அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழந்துவிடும். உதகை, கொடைக்கானல் ஏரிகளில் இழப்பு ஐந்தில் ஒரு பங்கு வரை போகும். சென்னைக் கடற்கரையில் சோதித்துப் பார்த்துச் 'சரி' என்று சொல்லப்பட்ட விசிறி, கெலவரப்பள்ளியில் சரியாக இருக்காது. ஓர் அங்குலம் குறைந்த புரியிடை வேண்டியிருக்கும். மாநிலத் தலைநகரில் மொத்தமாக வாங்கி மாவட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையில் இந்த வேறுபாடு கவனத்துக்கு வருவது அரிது.

இதழ்களின் எண்ணிக்கையைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. மூன்று இதழ் பொதுப் பயனுக்கு. நான்கு இதழ் குறைந்த வேகத்தில் சுமையைப் பிடித்துத் தள்ளுவதற்கு. மீட்புப் படகுக்கு நான்கு இதழே ஏற்றது என்பேன்.

எந்த உலோகம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். துருப்பிடிக்காத எஃகு விசிறி விலை கூடியது, மெல்லியது, வளையாதது. ஆழ்நீரில் வேகமாக ஓடுபவர்களுக்கு மிகவும் உகந்தது. வெள்ளம் புகுந்த தெருவில் ஓடுவது வேறு. நீருக்கடியில் சாலைத் தடுப்பு, கம்பிவேலி, கவிழ்ந்த இருசக்கர வாகனம், மைல்கல் என்று எதுவும் இருக்கலாம். எஃகு விசிறி அவற்றில் மோதினால் விசிறி உடையாது; அதிர்ச்சி தண்டு வழியே ஏறிப் பற்சக்கரத்தை உடைக்கும். அலுமினிய விசிறி தான் வளைந்து பற்சக்கரத்தைக் காக்கும். மலிவான உறுப்பு முதலில் உடைய வேண்டும் என்பது நல்ல வடிவமைப்பின் விதி. இதற்காகவே மிகச் சிறிய எஞ்சின்களில் விசிறியைத் தண்டோடு இணைக்க ஒரு மெல்லிய ஊசி வைக்கிறார்கள். மோதினால் அது அறுபட்டு மற்ற அனைத்தையும் காப்பாற்றும். ஊசி அறுபடுவதைக் கண்டு எரிச்சலடைந்து, அதற்குப் பதிலாகக் கெட்டியான ஆணியைச் செருகுபவர்கள் உண்டு. அது ஃபியூசுக்குப் பதில் தடித்த கம்பியைச் சுற்றுவதற்குச் சமம்.

வளைந்த இதழைச் சுத்தியால் தட்டி நேராக்கி மீண்டும் பூட்டுவதும் ஆபத்தே. ஓர் இதழின் சாய்வு மட்டும் மாறினால் விசிறி ஒருபக்கமாக இழுக்கும். அதிர்வில் எண்ணெய் அடைப்பு கிழியும். நீர் உள்ளே புகும். ஓசூரில் இதைச் சரியாகச் செய்யத் திறன் இருக்கிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் உறுப்புகளைக் கடைந்தெடுக்கும் சிறு பட்டறைகளுக்கு, ஒரு விசிறியின் மூன்று இதழ்களும் ஒரே சாய்வில் உள்ளனவா என்று அளந்து சொல்வது அரைமணி நேர வேலை. கேட்பவர்தான் இல்லை.

விசிறி எங்கே நிற்கிறது என்பதும் தேர்வின் பகுதியே. அதற்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும். அது படகின் அடிப்பரப்புக்கு நேராகவோ ஓரிரு விரல்கடை கீழேயோ இருக்க வேண்டும். எஞ்சினை உயர்த்திப் பூட்டினால் விசிறி மேற்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சிச் சும்மா சுழலும்; தாழ்த்தினால் இழுவை கூடும், தெருவின் தரையிலும் இடிக்கும். புதிய விசிறி வாங்கச் சொல்லும் முன் இந்த உயரத்தைப் பார்க்க வேண்டும். பல நேரங்களில் குறை அங்கேதான் இருக்கும். ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பை, கயிறு, புடவை ஆகியவை சுற்றிக்கொள்வது நம் ஏரிகளில் அன்றாட நிகழ்வு என்பதால், பின்னோக்கிச் சாய்ந்த இதழ்கள் கொண்ட விசிறி சற்று நல்லது.

மீட்புப் படகில் எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி, நீரில் தத்தளிப்பவரின் பாதுகாப்பு. 2018-இல் கேரள மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்று ஆயிரக்கணக்கானோரைக் காத்தார்கள். அவர்கள் வாழ்நாளெல்லாம் படகோடு பழகியவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை எஞ்சினைத் தொடும் உள்நாட்டுப் பணியாளர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்காது. சுழலும் இதழ் மனித உடலை என்ன செய்யும் என்று விவரிக்கத் தேவையில்லை. விசிறியைச் சுற்றி வளையக் காப்பு பூட்டினால் வேகம் குறையும். மெதுவாகச் செல்லும் மீட்புப் படகுக்கு அந்த இழப்பு பொருட்டே அல்ல. காப்பு இருந்தாலும் நீரிலிருந்து ஒருவரைத் தூக்கும்போது எஞ்சினை நிறுத்தியே ஆக வேண்டும். நியூட்ரலில் விட்டால் போதாது. ஓட்டுபவரின் மணிக்கட்டில் நிறுத்துவிசைக் கயிறு கட்டியிருக்க வேண்டும்.

குதிரைத்திறனையும் குறைந்த விலையையும் மட்டும் எழுதும் ஒப்பந்தப்புள்ளி, இவற்றில் எதையும் பெற்றுத் தராது. 'இத்தனை பேர் சுமையுடன், இந்த உயரத்தில், எஞ்சின் இத்தனை சுற்றை எட்ட வேண்டும். இத்தனை விசையுடன் இழுக்க வேண்டும்' என்று எழுதினால், பொருத்தமான விசிறியைத் தேடும் பொறுப்பு விற்பவருடையதாகிவிடும்.

சோதிப்பதற்கு ஆய்வகமும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு காலைப்பொழுது, காற்று எழுவதற்கு முன் கிருஷ்ணகிரி அணை நீர்த்தேக்கத்தில் படகை இறக்கலாம். ஆளுக்கு 65 கிலோ என்ற கணக்கில் எட்டுப் பேருக்கு 520 கிலோ மணல் மூட்டைகளை ஏற்ற வேண்டும். உயிருள்ள ஆட்களை வைத்துச் சோதிக்க வேண்டாம். சுற்றுமானியை எஞ்சினில் இணைத்து, விசைப்பிடியை முழுதாகத் திறந்து, காற்றின் திசையிலும் எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓட்டி, சுற்றையும் கைப்பேசி காட்டும் வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். சுற்று போதவில்லை என்றால் ஓர் அங்குலம் குறைந்த விசிறியைப் பூட்டி மீண்டும் ஓட்ட வேண்டும். பொருந்திய விசிறியின் இரண்டு எண்களையும் படகின் உட்புறத்தில் அழியாத வண்ணத்தில் எழுதிவைத்து, அதே அளவில் இன்னொரு விசிறி, நான்கைந்து ஊசிகள், ஒரு ஸ்பேனர் ஆகியவற்றை நீர் புகாத பையில் கட்டிப் படகிலேயே வைத்துவிட வேண்டும். அலுவலகப் பீரோவில் அல்ல. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று வெள்ளத்தின் நடுவே தேடிக்கொண்டிருக்க முடியாது.